அத்தானும் ஆறு அங்குலக் குழாயும்

அமெரிக்கா போனவர்கள் சுதந்திர தேவி சிலையைப் பார்ப்பார்கள், நயாகராவைப் பார்ப்பார்கள். நான் முதல் நாளே பார்த்தது நட்சத்திரம். அதுவும் பட்டப்பகலில், பூமிக்கு அடியில்!

2019 அக்டோபர். நியூ ஜெர்ஸியில் அக்கா வீட்டுக்குப் போய் இறங்கி, காபி குடித்த டம்ளரைக் கீழே வைக்கவில்லை. "மாப்ளே, வா, என் பட்டறையைக் காட்டறேன்" என்று அத்தான் கையைப் பிடித்து இழுத்தார். குறுகலான மரப்படி. இறங்கி இரண்டே அடி எடுத்து வைத்தேன். 'ணங்!'

"குனிஞ்சு வான்னு சொல்ல வாயெடுத்தேன். அதுக்குள்ள..." என்றார் அத்தான்.

நெற்றியைத் தேய்த்துக்கொண்டு நிமிர்ந்தால், கூரையிலிருந்து யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு நெளிநெளிக் குழாய் தொங்குகிறது. அதன் நுனியில் ஒரு தகரக் கதவு. அதுதான் எனக்கு ஆசீர்வாதம் பண்ணியிருக்கிறது. (என் உயரம் ஐந்தடி ஆறு அங்குலம். ஊரில் பஸ் கம்பிகூட என் தலையைத் தொட்டதில்லை. அத்தான் ஆறடி இரண்டு. அவர் நெற்றியைப் பார்த்தேன். தழும்புகள் சீனியாரிட்டி லிஸ்ட் போல வரிசையாக இருந்தன.)

அந்த ஊரில் குளிர்காலத்தில் மண் உறைந்துபோகும். உறையும் ஆழத்துக்குக் கீழே போய்த்தான் அஸ்திவாரம் போட வேண்டும். எப்படியும் தோண்டியாச்சு, இன்னும் கொஞ்சம் தோண்டினால் ஒரு முழு அறையே கிடைக்குமே என்று வீட்டுக்கு அடியில் ஒரு நிலவறை கட்டிவிடுகிறார்கள். அதுதான் பேஸ்மென்ட். வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ், வெந்நீர் பாய்லர், துணி துவைக்கும் மெஷின், பழைய சூட்கேஸ், இவற்றோடு வீட்டுக்காரரின் ஆசைகளும் அங்கேதான் குடியிருக்கும்.

அத்தானுக்கு ஆசை, தச்சு வேலை. வாரத்தில் ஐந்து நாள் கம்ப்யூட்டர். சனி, ஞாயிறு இழைப்புளி. ஒரு வட்ட ரம்ப மேஜை, பலகையின் முகத்தைச் சீவும் பிளேனர், விளிம்பு நேராக்கும் ஜாயின்ட்டர், பேண்ட் சா என்று ஒரு மினி மர டிப்போவே வைத்திருந்தார். அக்கா வீட்டு சாப்பாட்டு மேஜை, புத்தக அலமாரி, சாமி மண்டபம் எல்லாம் அவர் கைவேலைதான். குறை சொல்ல முடியாது. மேஜை ஒரு பக்கம் லேசாக ஆடும், அவ்வளவுதான்.

ஆனால் அக்கா குறை சொன்னாள்.

"டேய், நீ பி.காம். படிச்சவன்தானே, இந்த மனுஷனுக்குக் கணக்குப் போட்டுச் சொல்லு. ஒரு மேஜை கடையில வாங்கினா என்ன விலை, இவர் மெஷினுக்குக் கொட்டினது எவ்வளவுன்னு."

விஷயம் பணம் இல்லை என்று ராத்திரி தெரிந்தது. ஒன்பது வயது அக்கா பெண் பக்கத்து அறையில் இருமினாள். இருமல் என்றால் சாதாரண இருமல் இல்லை. மூச்சு உள்ளே போகும்போது விசில் அடிக்கிற மாதிரி ஒரு சத்தம். இன்ஹேலரை எடுத்துக்கொண்டு அக்கா ஓடினாள். திரும்பி வந்து சொன்னாள்: "டாக்டர் தூசி ஆகாதுன்னு சொல்லிட்டார். தீபாவளி வரைக்கும் டைம் குடுத்திருக்கேன். அதுக்குள்ள அந்தத் தூளுக்கு ஒரு வழி பண்ணலேன்னா, ரம்பத்தை வித்துட வேண்டியதுதான்."

மரத்தூள்தானே, என்ன பெரிய விஷயம் என்று நானும் நினைத்தேன். ஊரில் மர அறுவை மில்லில் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு வேலை பார்ப்பவர்களைப் பார்த்தே வளர்ந்தவன்தானே. அத்தான்தான் சொன்னார். இங்கிலாந்தில் நாற்காலிக்குப் பேர்போன ஹை வைகோம்ப் பகுதியில், மரச்சாமான் தொழிலாளிகளுக்கு மட்டும் மூக்கின் உட்புறப் புற்றுநோய் அதிகம் வருவதை 1960களில் டாக்டர்கள் கண்டுபிடித்தார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 1995இல் மரத்தூளை 'மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும்' முதல் வகைப் பட்டியலிலேயே சேர்த்துவிட்டது. தரையில் குவியலாகக் கிடக்கிற தூள் பரவாயில்லை, பெருக்கிவிடலாம். கண்ணுக்குத் தெரியாமல் காற்றில் மணிக்கணக்கில் மிதக்கிறதே, தலைமுடியின் பருமனில் ஏழில் ஒரு பங்குகூட இல்லாத நுண்தூள், அதுதான் நுரையீரலின் அடிமட்டம் வரைக்கும் டிக்கெட் எடுக்கிறது.

"இவ்வளவு தெரிஞ்சுமா அத்தான்?"

"தெரிஞ்சுதானே மிஷின் வாங்கிப் போட்டிருக்கேன்!" என்று மூலையைக் காட்டினார்.

மூலையில் பெரிய மின்விசிறியும் அதன் தலையில் ஒரு துணிப்பையுமாக ஒரு யந்திரம். தூசி உறிஞ்சி. அதிலிருந்து நாலு அங்குலக் குழாய் கிளம்பி, கூரையில் வளைந்து, ஃபர்னஸைச் சுற்றி, தண்ணீர்க் குழாய்க்கு வழிவிட்டு, மறுபடி வளைந்து, நான்கு மெஷினுக்கும் போகிறது. மெஷின்களை முதலில் இஷ்டப்பட்ட இடத்தில் வைத்துவிட்டு, பிறகு குழாயை அவற்றைத் தேடி அனுப்பியிருக்கிறார். மொத்தம் ஐந்து எல்போ, இரண்டு 'டீ', இருபத்திரண்டு அடி நெளிக்குழாய். ரம்பத்தை ஓடவிட்டு, குழாய் வாயில் கையை வைத்துப் பார்த்தேன். கிழவர் விசிறிவிடுவது போல ஒரு காற்று.

"பெட்டியில நிமிஷத்துக்கு 1,200 கன அடின்னு போட்டிருந்தான் மாப்ளே" என்றார் பரிதாபமாக.

எனக்குச் சட்டென்று புரிந்தது. பி.காம். வீண்போகவில்லை! "அத்தான், அது ஆஃபர் லெட்டர்ல போடற சி.டி.சி. குழாயே மாட்டாம டெஸ்ட் பண்ணின கணக்கு. உங்க கைக்கு வர்றது டேக்-ஹோம்."

நீங்களே சொல்லுங்கள், மாசக் கடைசியில் சம்பளச் சீட்டு பார்க்கிற நமக்குத் தெரியாத விஷயமா? குழாய் என்றாலே பிடித்தம்தான். ஒரு எல்போ போட்டால், ஆறேழு அடி நேர்க்குழாயைக் கூடுதலாகப் போட்டதற்குச் சமம்: அது பி.எஃப். நெளிக்குழாயின் உள்பக்க வளையங்களில் காற்று தட்டித் தடுமாறி, வழுவழுக் குழாயைவிட இரண்டு மூன்று மடங்கு சக்தி போகும்: அது வருமான வரி. 'டீ' போட்டால் காற்று சுவரில் முட்டித் திரும்புவது போலச் செங்குத்தாகத் திரும்ப வேண்டும்: அது சொசைட்டி லோன். எல்லாம் போக மீதி வருவதில் பால்காரருக்குக்கூடக் காணாது.

இதில் குழாயின் பருமன்தான் பேசிக் பே. தூள் வழியில் தங்காமல் வர வேண்டுமென்றால் காற்று நிமிஷத்துக்கு 4,000 அடி வேகத்தில் ஓட வேண்டும் என்பது இந்தத் தொழிலில் வழக்கமாக வைத்துக்கொள்ளும் கணக்கு. அதாவது மணிக்கு 73 கிலோமீட்டர். நம் டவுன் பஸ் நினைத்துக்கூடப் பார்க்க முடியாத வேகம்! அந்த வேகத்தில் நாலு அங்குலக் குழாயில் போவது சுமார் 350 கன அடி. ஆறு அங்குலக் குழாயிலோ 785. குறுக்களவு ஒன்றரை மடங்குதான், ஆனால் பரப்பளவு இரண்டேகால் மடங்கு. "சரி, நாலு அங்குலத்திலேயே வேகத்தைக் கூட்டினால்?" என்று கேட்பீர்கள். கேட்டேன். வேகம் இரட்டிப்பானால் உராய்வு நாலு மடங்காகும். கந்துவட்டி மாதிரி. இந்த விசிறிக்கு அவ்வளவு தம் கிடையாது.

"அப்ப ஆறு அங்குலம் போட்டுடலாமே அத்தான்?"

அத்தான் பேசாமல் விரலால் மேலே காட்டினார். கூரை உயரம் ஆறடி ஒன்பது அங்குலம். அதன் கீழே ஆறு அங்குலக் குழாயைத் தொங்கவிட்டால் மிச்சம் ஆறடி மூன்று. அவர் ஆறடி இரண்டு. செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்தால் நெற்றிக்கும் குழாய்க்கும் நடுவே ஒரு கல்யாணப் பத்திரிகைதான் நுழையும்.

"மேல மரச்சட்டம் போகுதே, அதுல ஓட்டை போட்டு விட்டா?"

கூரையில் வரிசையாக உத்திரக்கட்டைகள். இரண்டுக்குப் பத்து என்று பெயர். உண்மையில் அதன் உயரம் ஒன்பதே கால் அங்குலம்தான். (பார்த்தீர்களா, மரத்திலும் கிராஸ் வேறு, நெட் வேறு!) அதில் துளை போடுவதற்குக் கட்டட விதி இருக்கிறது. உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் துளை கூடாது, மேலும் கீழும் இரண்டிரண்டு அங்குலம் கட்டை மிச்சம் இருக்க வேண்டும். அதாவது அதிகபட்சம் மூன்று அங்குலத் துளை. ஆறு அங்குலம் போட்டால் தூசி பிரச்னை தீரும். மேலே சாப்பிட்டுக்கொண்டிருக்கும் அக்கா, மேஜையோடு கீழே வந்துவிடுவாள்.

இந்த இடத்தில்தான் அத்தானுக்கு ஒரு விபரீத யோசனை வந்தது. "உறிஞ்சறது குறைச்சலா இருந்தாலும் பரவாயில்லை. பையில பிடிச்சு வடிகட்டினாத்தானே நுண்தூள் தப்பிச்சு வீட்டுக்குள்ளேயே சுத்துது? பையைக் கழட்டிட்டு, காத்தை ஜன்னல் வழியா நேரா வெளியில தள்ளிட்டா?"

கேட்க நன்றாகத்தான் இருந்தது. பேஸ்மென்ட் ஜன்னலில் பலகை வைத்து அடைத்து, குழாயை வெளியே விட்டோம். சனிக்கிழமை சாயங்காலம். வெளியே குளிர், வீட்டில் எல்லாக் கதவும் சாத்தியிருக்கிறது. அத்தான் தேக்குப் பலகை ஒன்றை ரசித்து ரசித்து அறுத்துக்கொண்டிருந்தார். காற்றில் தூசியே தெரியவில்லை. "சக்ஸஸ்!" என்று நான் கையைத் தட்டினேன்.

அரை மணி ஆகியிருக்கும். மாடிப்படிப் பக்கம் ஒரு அலாரம் அலறியது. நான் அடுப்பில் ஏதோ தீய்ந்துவிட்டது என்று நினைத்தேன். அத்தான் முகம் வெளுத்துவிட்டது. மெஷினை அணைத்துவிட்டு, மாடிக்கு ஓடி, குழந்தையைத் தூக்கிக்கொண்டு, "எல்லாரும் வெளியில! செருப்பெல்லாம் வேணாம், வெளியில!" என்று கத்தினார். அது புகை அலாரம் இல்லை. கார்பன் மோனாக்சைடு அலாரம்.

தீயணைப்பு வண்டி வந்தது. தெருவே வேடிக்கை பார்க்க, நாங்கள் நாலு பேரும் புல்தரையில் வெறுங்காலோடு நடுங்கிக்கொண்டு நின்றோம். வீட்டைத் திறந்துபோட்டு, மீட்டர் வைத்து அளந்து, காற்று சுத்தமான பிறகு, வந்தவர்களில் ஒரு பெரியவர் எங்களைக் கீழே கூப்பிட்டார். "புகை வருகிற மாதிரி ஏதாவது இருக்கா?" என்று கேட்டார். அக்கா சாமி மண்டபத்திலிருந்து ஊதுபத்தி ஏற்றிக்கொண்டு வந்தாள்.

வெந்நீர் பாய்லரின் தலையில், புகைபோக்கிக்குப் போகும் வாயருகே ஊதுபத்தியைப் பிடித்தார். புகை சமர்த்தாகப் புகைபோக்கிக்குள் போனது. பிறகு ஜன்னல்களைச் சாத்தி, தூசி உறிஞ்சியைப் போடச் சொன்னார். அவ்வளவுதான். ஊதுபத்திப் புகை அப்படியே திரும்பி, எங்கள் முகத்தைப் பார்த்து வந்தது.

நானே மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்துக்கொண்டேன். அந்தப் பேஸ்மென்ட்டின் மொத்தக் காற்றே சுமார் 4,200 கன அடி. நிமிஷத்துக்கு 350 கன அடி வெளியே போனால், பன்னிரண்டு நிமிஷத்தில் அத்தனையும் காலி. வெளியே போன காற்றுக்கு ஈடாகக் காற்று எங்கிருந்தாவது உள்ளே வந்தாக வேண்டும். டெபிட் இருந்தால் கிரெடிட் இருக்க வேண்டும் இல்லையா? கதவெல்லாம் சாத்தியிருந்தால், திறந்திருக்கிற ஒரே வழி புகைபோக்கி. அது வழியாகக் காற்று கீழே இறங்கும்போது, கேஸ் எரிந்த புகையும் சேர்ந்து வீட்டுக்குள் இறங்குகிறது. நிறமில்லை, வாசனையில்லை. தூங்கிக்கொண்டிருந்தால் எழுந்திருக்க மாட்டோம்.

அன்று ராத்திரி அக்கா திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

மறுநாள் காலையில் அத்தான் சாக்பீஸ், நூல்கண்டு, பழைய நியூஸ்பேப்பர் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு கீழே உட்கார்ந்தார். முதல் வேலையாக, தூசி எப்படி மாடிக்குப் போகிறது என்று பார்த்தோம். ஃபர்னஸுக்கு வீட்டுக் காற்றைத் திரும்பக் கொண்டுவரும் தகரக் குழாய் பேஸ்மென்ட் வழியாகத்தான் போகிறது. அதன் இணைப்புகளில் விரல் நுழையும் இடைவெளி. பட்டறைத் தூசியை அதுதான் உறிஞ்சி, சூடு பண்ணி, குழந்தையின் கட்டில் வரைக்கும் டோர் டெலிவரி செய்துகொண்டிருந்திருக்கிறது! அலுமினியப் பட்டையை ஒட்டி எல்லா இடுக்கையும் அடைத்தோம். ஒரு நாள் வேலை, சொற்பச் செலவு. முதலிலேயே செய்திருக்கலாம்.

அப்புறம் குழாய். ஃபர்னஸின் சூட்டுக்குழாய் ஒன்று பேஸ்மென்ட்டின் நடுவே, இரும்பு கர்டரை ஒட்டியபடி, வீட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை போகிறது. கூரையிலிருந்து எட்டு அங்குலம் கீழே தொங்கும். அதன் கீழே உயரம் ஆறடி ஒன்றுதான். அத்தான் பதினோரு வருஷமாக அந்த இடத்தில் குனிந்தே போகிறார். தூக்கத்தில் நடந்தால்கூட அங்கே குனிந்துவிடுவார்.

"அத்தான், ஏற்கெனவே வாராக்கடன்னு எழுதிட்ட இடம் அது. நம்ம ஆறு அங்குலத்தையும் அதுக்குப் பக்கத்துலயே விட்டா என்ன? எட்டுக்குப் பின்னால ஆறு ஒளிஞ்சுக்குமே!"

அத்தான் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அந்தப் பார்வையை என் மாமனார்கூட எனக்குத் தந்ததில்லை.

மெயின் குழாய் அங்கே முடிவாயிற்று. கிளைகள்? உத்திரக்கட்டைகளைக் குறுக்கே கடந்தால்தானே தலையிடி! அவை போகிற திசையிலேயே போனால், இரண்டு கட்டைகளுக்கு நடுவே பதினாலரை அங்குல இடைவெளி சும்மா கிடக்கிறது. ஆறு அங்குலக் குழாய் அதற்குள் படுத்துத் தூங்கலாம். 'டீ'க்குப் பதில் சாய்வான 'ஒய்' போட்டு, அதன் வாயை மேல்நோக்கித் திருப்பி, ஒரு 45 டிகிரி பெண்டு போட்டால் கிளை அந்த இடைவெளிக்குள் ஏறிவிடும். எங்கெல்லாம் 90 டிகிரி திரும்ப வேண்டுமோ அங்கெல்லாம் இரண்டு 45. காற்றைக் கழுத்தைப் பிடித்துத் திருப்பாமல், தோளில் கைபோட்டுத் திருப்புகிற மாதிரி.

கடைசியாக, செய்ய மனசு வராத வேலை. மெஷின்களை இடம் மாற்றுவது. ரம்ப மேஜைதான் அதிகத் தூசி கக்கும் பேர்வழி. அதை உறிஞ்சிக்குப் பக்கத்துத் தூணோரம் கொண்டுவந்து, குழாயைத் தூணை ஒட்டியே கீழே இறக்கினோம். தூண் இருக்கிற இடத்தில் யாரும் நடக்கப்போவதில்லையே. ரம்பத்தின் பின்வாய் நாலு அங்குலம்தான். அதையும் அறுத்து ஆறாக்கினார். முழுச் சம்பளமும் வந்தபிறகு வாசலில் வழிப்பறியா கொடுப்பது? பிளேனருக்குச் சக்கரம் வைத்தாயிற்று. ஜாயின்ட்டரும் அதுவும் ஒரே வாயைப் பங்கு போட்டுக்கொள்ளும். ஒரு சமயத்தில் ஒரு மெஷின்தான் ஓடும் என்பதால், ஒவ்வொரு கிளையிலும் ஒரு தகரக் கதவு. ஓடுகிற மெஷினுக்கு மட்டும் திறப்பு.

குழாய் வாங்குவதற்கு முன்னால், நியூஸ்பேப்பரைக் குழாய் மாதிரி சுருட்டி, அது போகப்போகிற பாதையெல்லாம் நூலில் கட்டித் தொங்கவிட்டோம். ஒரு வாரம் அத்தான் அதற்கு நடுவேதான் நடமாடினார். பேப்பர் மூன்று இடத்தில் நெற்றியில் பட்டது. மூன்று இடத்திலும் பாதையை மாற்றினோம். அக்கா பெண் மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு படியில் உட்கார்ந்து, "அப்பா அவுட்! ரெண்டு!" என்று ஸ்கோர் எழுதினாள்.

பழைய உறிஞ்சிக்குப் பதிலாக, தூளைச் சுழற்றித் தனியே பிரிக்கும் ஒரு சைக்ளோன் வந்தது. பெரும்பாலான சைக்ளோன்கள் எட்டடிக்கு நிற்குமாம். கூரைக்குத் தக்கபடி கட்டையான உருவத்தில் தேடி, கீழே தூள் தொட்டியையும் குட்டையாகப் போட்டோம். தொட்டி சீக்கிரம் நிரம்பும், அடிக்கடி கொட்ட வேண்டும், அவ்வளவுதான். காற்றை வெளியே தள்ளாமல் நல்ல ஃபில்டரில் வடிகட்டி அறைக்கே திருப்பி அனுப்பும். குழாய் மெல்லிய பி.வி.சி. கோந்து போட்டு ஒட்டவில்லை. இணைப்புக்கு ஒரு திருகாணி, மேலே அலுமினியப் பட்டை. "இன்னும் ரெண்டு வருஷத்துல மறுபடி மாத்தத் தோணும் மாப்ளே, எனக்கு என்னைத் தெரியும்" என்றார். (அந்தக் குழாயில் தூள் ஓடும்போது கையை வைத்தால் முடி சிலிர்த்துக்கொள்ளும், சுளீர் என்று ஒரு குட்டி ஷாக்கும் அடிக்கும். அதற்குச் செப்புக்கம்பி சுற்றி எர்த் கொடுத்தார்.)

ஓட்டிப் பார்த்தது தீபாவளிக்கு மறுவாரம். கெடு தாண்டிவிட்டது, ஆனால் அக்கா கண்டுகொள்ளவில்லை. விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு, ரம்பத்தில் பலகையை விட்டார் அத்தான். நான் டார்ச் அடித்தேன். ஓட்டு வீட்டில் கண்ணாடி ஓடு வழியாக வெயில் இறங்கும்போது அதில் தூசி நீந்துமே, முந்தி டார்ச் வெளிச்சம் அப்படித்தான் இருந்தது. இப்போது பிளேடு கிளம்பும் இடத்தில் மட்டும் கொஞ்சம் மினுமினுப்பு. அதற்கும் அத்தான் மாஸ்க் போட்டுக்கொண்டுதான் அறுத்தார். பாய்லர் பக்கம் அக்கா ஊதுபத்தியோடு நின்றிருந்தாள். புகை மேலேயே போனது. அவள் சிரிக்கவில்லை, ஆனால் "அந்தப் பூஜை ரூம் கதவு எப்ப முடியும்?" என்று கேட்டாள்.

நான் ஊர் திரும்பினேன். குழந்தைக்கு இன்ஹேலர் இன்னும் இருக்கிறது. ஒவ்வொரு குளிர்காலத்திலும் தேவைப்படும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். வார நாட்களில் ராத்திரி எழுந்திருப்பது குறைந்திருக்கிறது என்று அக்கா போனில் சொன்னாள்.

அந்த டிசம்பரில் அத்தான் ஒரு போட்டோ அனுப்பினார். கர்டர் ஓரமாக அழகாகப் போகிறது எங்கள் ஆறு அங்குலக் குழாய். அதன் மேல் வரிசையாக நாலு புடவை, இரண்டு பாவாடை, ஒரு போர்வை. கீழே ஒரு வரி எழுதியிருந்தார்:

"பக்கத்துல சூட்டுக்குழாய் போறதால சீக்கிரம் காயுதாம். இப்ப நான் புடவைக்குக் குனியறேன் மாப்ளே."